முறுக்கு மாவில் அளந்த இடைவெளி

அந்தத் தீபாவளிக்கு முதல் நாள் காலை. ஈப்போ சிலிபினில் எங்கள் வாடகை வீட்டு வாசலில் என் வீட்டுக்காரர் காடிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார். காரை நாங்கள் காடி என்றுதான் சொல்வோம். நான் பின்பக்கம் நாத்தனாரோடு முறுக்கு பிழிந்துகொண்டிருந்தேன். கல்யாணமாகி ஒன்பது மாதம், மறுநாள் எங்கள் தலைதீபாவளி. விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்குச் சித்தியவானில் என் அப்பா வீட்டில் இருக்க வேண்டும். அதுவும் சொந்தக் காடியில் வந்து இறங்குவோம் என்று நான் வீராப்பாகக் கடிதம் போட்டிருந்தேன். கடிதம் போட்ட அன்று எஞ்சின் நாலு பிஸ்கட் டின்களில் கிடந்தது.

என் வாய் அப்படி. யோசிப்பதற்கு முன்பே பேசிவிடும், பிறகு நான் அதன் பின்னால் ஓட வேண்டும்.

அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தோட்டத்து ரப்பர் ஆலையில் டீசல் எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு, சித்தியவானில் மீனுக்கு ஐஸ் போடும் ஆலையில் அதே வேலையில் சேர்ந்தார். எஞ்சினைத் திறக்கத் தெரிந்தவனைத்தான் அவர் ஆம்பளை என்பார். ஓட்ட மட்டும் தெரிந்தவன் அவர் கணக்கில் வெறும் பிரயாணி. நானோ ஓட்டுகிறவரைக் கட்டிக்கொண்டேன். ஈப்போவில் எங்கள் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிப்போகும் பஸ்ஸின் டிரைவர் அவர். டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கும் கண்ணாடியில் முகம் தெரிகிற இடத்துக்காக நான் இரண்டு பேரோடு சண்டை போட்டிருக்கிறேன். அதற்கு மேல் அந்தக் காதலைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, எல்லாம் அந்தக் கண்ணாடியில்தான் நடந்தது.

அப்பா கல்யாணத்துக்கு வந்தார். மாலை எடுத்துக் கொடுத்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு ஒன்பது மாதமும் பேசவில்லை. தீபாவளி நெருங்கியதும் அம்மாதான் எழுதினாள்: "ஒங்கப்பா வர வேணாம்னு சொல்லல. பஸ் டிரைவரு எதுல வாரான்னு பாப்போம்னு மட்டும் சொன்னாரு." அந்த வரியைப் படித்த சூட்டில்தான் நான் பதில் எழுதினேன், சொந்தக் காடியில் வருகிறோம், நாங்களே பிரித்து மாட்டிய எஞ்சின் என்று. காடி கிளம்பாமல் பஸ்ஸில் போய் இறங்கினால் அப்பாவின் வாய் இன்னொரு வருஷத்துக்குத் திறக்காது. அது எனக்குத் தெரியும், என் வீட்டுக்காரருக்கும் தெரியும். பாவம், மூன்று வாரமாகச் சாப்பாடு கூட நின்றுகொண்டேதான்.

காடி என்னைவிட மூத்தது. ஏதோ ஒரு தோட்டத்துத் துரை விட்டுவிட்டுப் போனது, பல கை மாறி எங்களிடம் வந்தது. உடம்பு நன்றாக இருந்தது, எஞ்சின் செத்திருந்தது. சூடேறி எஞ்சின் மூடியான ஹெட்டு வளைந்துபோயிருந்ததால் லேத் பட்டறையில் கொடுத்து அடிப்பக்கத்தைச் சீவி மட்டமாக்கினோம். பிஸ்டன்கள் தேய்ந்துபோயிருந்தன. சிம்பாங் பூலாயில் ஒரு பழைய இரும்புக் கடையிலிருந்து மச்சான் வேறு நாலு பிஸ்டன் கொண்டுவந்தார்.

மச்சான் என்பது நாத்தனாரின் கணவர். என் வீட்டுக்காரரும் அவரும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவார்கள், எனக்கு அவர் அண்ணன் முறை. வெள்ளீயச் சுரங்கத்தில் தண்ணீர் பம்ப் பார்க்கிறவர். பரவாயில்லை என்பதற்கு மலாய்க்காரர்கள் 'தாப்பா' என்பார்கள் அல்லவா, மச்சான் வாயில் மூச்சுக்கு ஒரு தாப்பா. பிஸ்டன் தலை பழையதைவிடக் கொஞ்சம் உயரமாக இருக்கிறதே என்று நான் கேட்டபோதும் அதுதான் வந்தது.

"தாப்பா லா. உள்ள போயிருச்சின்னா எல்லாம் ஒண்ணுதான்."

உள்ளே போனது. எனக்குக் கணக்குதான் உதைத்தது. பிஸ்டன் உயரம், ஹெட்டையோ சீவியாகிவிட்டது. இரண்டும் சேர்ந்தால் பிஸ்டன் மேலே வரும்போது ஹெட்டில் முட்டாமல் இருக்க எவ்வளவு இடம் மிச்சம்? கையால் சுற்றும்போது முட்டாமல் போகலாம். ஓடும்போது இரும்பு சூட்டில் நீளும், வேகத்தில் இழுபடும். மயிரிழை இடம்தான் என்றால் முதல் பத்து மைலில் பிஸ்டன் நொறுங்கிவிடும்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். தொழிற்சாலையில் என் வேலையே அளப்பதுதான். தகட்டுத் துண்டுகளை மைக்ரோமீட்டரில் பிடித்து, ஓர் இன்ச்சை ஆயிரமாகப் பிரித்து அதில் எத்தனை பங்கு என்று பார்ப்பேன். பட்டறைக்காரர்கள் அந்தப் பங்கைத் தௌ என்பார்கள். ஒரு நாளைக்கு அறுநூறு துண்டு. இரண்டு தௌ கூடினால் தூக்கிப் போடுவேன். லீவுக்கு முன்பு சூப்பர்வைசரிடம் பல்லைக் காட்டி ஒரு மைக்ரோமீட்டரையும் இரவல் வாங்கி வந்திருந்தேன். அப்பா ஆலை எஞ்சினை மாட்டும்போது பிஸ்டன் தலையில் ஈயக் கம்பி வைத்து நசுக்கி அளந்ததையும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். நாற்பது தௌவாவது இடம் வேண்டும் என்று இரண்டு பேரிடமும் சொல்லிவைத்திருந்தேன்.

ஈயக் கம்பிக்கு நாங்கள் எங்கே போவது? என் இரண்டு கையிலும் முறுக்கு மாவு இருந்தது.

"என்னங்க, மாவ வச்சிப் பாப்போம்" என்றேன் வாசலுக்கு ஓடி.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மச்சான் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் எழுந்து போனது. ஆனால் சிரித்துவிட்டு இரண்டு பேரும் யோசித்தார்கள். அமுங்கும், அமுங்கினால் அப்படியே நிற்கும், வேறென்ன வேண்டும்?

நாலு பிஸ்டன் தலையிலும் சுண்டைக்காய் அளவு மாவு வைத்தேன். ஒட்டாமலிருக்க மேலே நல்லெண்ணெய் தடவினேன். நடுவில் போடும் பழைய கேஸ்கெட் தகட்டை வைத்து, ஹெட்டை இறக்கி, நட்டுகளை முறையாக முறுக்கினார்கள். அந்தக் காலத்துக் காடிக்கு முன்பக்கம் கைப்பிடி போட்டுச் சுற்றலாம். என் வீட்டுக்காரர் மெதுவாக இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினார். எங்கேயும் தட்டவில்லை. ஹெட்டைத் திரும்பக் கழற்றியபோது நாலு பிஸ்டன் மேலும் நாலு வெள்ளை வில்லைகள், அதில் எள் வேறு. எனக்கு இருந்த சந்தோஷத்துக்கு ஒரு குதி குதித்தேன். கத்தி நுனியால் அலுங்காமல் எடுத்து, ஒரு தட்டில் வரிசையாக ஒன்று இரண்டு மூன்று நாலு என்று வைத்து, பின்பக்கம் மேசையில் கொண்டுபோய் வைத்தேன். கை கழுவி மைக்ரோமீட்டரை எடுக்க அறைக்குள் போனேன்.

மாவை மைக்ரோமீட்டரில் நேராகப் பிடிக்க முடியாது, அழுந்திவிடும். இரண்டு சவர பிளேடுக்கு நடுவே வைத்து லேசாகப் பிடித்து, பிளேடுகளின் கனத்தைக் கழித்துவிட வேண்டும். பிளேடு தேட ஐந்து நிமிஷம் ஆகியிருக்கும். அவ்வளவுதான்.

திரும்பி வந்தால் தட்டு காலி.

"அண்ணி, இங்க வச்சிருந்த மாவு எங்க?"

நாத்தனார் வாணலியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அந்த உதிரி தானே? போட்டுட்டேன். வீணாப் போவுதேன்னு."

எண்ணெயில் நாலு வில்லைகளும் பொன்னிறமாக மிதந்துகொண்டிருந்தன. உப்பியிருந்தன. நான் போட்ட சத்தத்தில் வாசலிலிருந்து இரண்டு ஆம்பளைகளும் ஓடி வந்தார்கள். அதற்குள் நாத்தனார் ஜல்லிக்கரண்டியால் அரித்து எடுத்துவிட்டாள். விஷயம் என்ன என்று அவளுக்கு யாராவது சொல்வதற்கு முன்பே மச்சான் ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

"அண்ணே! அது மூணாம் நம்பர்!" என்று கத்தினேன்.

மென்றுகொண்டே யோசித்தார். "கிரீஸ் வாசன அடிக்குது லா" என்றார். ஆனால் துப்பவில்லை.

அப்போதுதான் நாத்தனாருக்கு விஷயம் புரிந்தது. எஞ்சினுக்குள் கிடந்ததைப் பொரித்த எண்ணெயில்தான் பாதி முறுக்கு இன்னும் போக வேண்டியிருந்தது. அவள் ஜல்லிக்கரண்டியைக் கையில் பிடித்தபடி புருஷனையும் தம்பியையும் மாறி மாறித் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. எனக்கு ஒரு பக்கம் அழுகை, ஒரு பக்கம் சிரிப்பு, கடைசியில் தரையில் உட்கார்ந்து சிரித்தேன்.

சிரித்து முடித்துப் பார்த்தால், மச்சான் மிச்சமிருந்த மூன்று வில்லைகளையும் என் மைக்ரோமீட்டரில் பிடித்துக்கொண்டிருக்கிறார். பொரிந்தது கெட்டியாக இருந்ததால் பிளேடு கூடத் தேவைப்படவில்லை.

"இங்க பாரு, அறுபது தௌ! நாப்பது இருந்தாலே போதும்னு சொன்னியே. மாட்டு மச்சான், முடிஞ்சிச்சி!"

என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்துவிட்டது. மணி பன்னிரண்டு தாண்டியிருந்தது. நாலு மணிக்காவது கிளம்பினால்தான் இருட்டுவதற்கு முன் சித்தியவான் போய்ச் சேர முடியும். புதுக் கேஸ்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"நில்லுங்க. பொரிச்சா உப்பும். அது அளவு இல்ல" என்றேன்.

"கொஞ்சம் உப்பியிருக்கும். அதுக்காக எவ்வளவு உப்பிடும்?"

"எனக்குத் தெரியாது. அதுனாலதான் இன்னொரு தடவ பாக்கணும்."

"தாப்பா லா" என்றார் மச்சான்.

எனக்கு வந்ததே கோபம்! "அண்ணே, ஒங்க தாப்பாவுல பிஸ்டன் ஓடாது! நடு ரோட்டுல நின்னா எங்கப்பாவுக்கு நீங்க பதில் சொல்வீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் எனக்கு மூத்தவர், அப்படிப் பேசியிருக்கக் கூடாது. நாத்தனார் கூட வாணலியை மறந்து என்னைப் பார்த்தாள்.

என் வீட்டுக்காரர் வாசல்படியில் நின்றார். ஒரு பக்கம் அக்கா புருஷன், பிஸ்டன் தேடிக் கொடுத்தவர், மூன்று வாரமாகக் கூடவே கிடந்தவர். இன்னொரு பக்கம் நான், சவர பிளேடும் கையுமாக. திரும்பவும் ஹெட்டை இறக்கி முறுக்கிக் கழற்ற ஒரு மணி நேரம் போகும். அவர் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாக்டரில நீ இந்த மாதிரி பீஸ விடுவியா?"

"தூக்கிப் போடுவேன்."

"மச்சான், மறுபடி வச்சிப் பாப்போம்" என்றார். அந்த நிமிஷத்தில் அவரை மறுபடியும் கட்டிக்கொள்ளச் சொன்னால் கட்டிக்கொண்டிருப்பேன். அதே பஸ் கண்ணாடியிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் இன்னொரு தடவை.

இந்த முறை தட்டை நான் கையை விட்டுக் கீழே வைக்கவில்லை. மச்சான் கோபமாக இருக்கிறார் என்று காட்டிக்கொள்ள முதல் இரண்டு நட்டு வரை பேசாமல் இருந்தார், மூன்றாவதில் மறந்துவிட்டார். வில்லைகள் வந்தன. பிளேடுக்கு நடுவே பிடித்தேன், கழித்தேன். இருபத்திரண்டு. இரண்டாவது இருபத்திரண்டு. மூன்றாவது இருபத்திமூன்று. நாலாவது இருபத்திரண்டு. உள்ளே இருந்த எள் மாவோடு மாவாக நசுங்கிப்போயிருந்தது.

மச்சான் காதைச் சொறிந்துகொண்டு, "அலமாக்" என்றார், மலாயில் ஐயையோ என்பதற்கு. அன்று முழுதும் அவர் சொன்னதில் உருப்படியான வார்த்தை அது ஒன்றுதான்.

இருபத்திரண்டோடு கிளம்பியிருந்தால் பத்தாவது மைலிலேயே பிஸ்டன் நொறுங்கியிருக்கும். வேறு பிஸ்டனுக்கு நேரமில்லை. வழி சொன்னது என் வீட்டுக்காரர்தான்: பழைய கேஸ்கெட், புதுக் கேஸ்கெட் இரண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாகப் போட்டு ஹெட்டைத் தூக்கிவிடலாம். பழையதை அளந்தேன். நசுங்கி முப்பது தௌ கனம், புதியதும் நசுங்கினால் அவ்வளவுதான் வரும். இருபத்திரண்டும் முப்பதும் கூட்டினால் போதுமான இடம். அப்படியும் மனசு கேட்காமல் முதல் சிலிண்டரில் மட்டும் மூன்றாம் தடவை மாவு வைக்கச் சொன்னேன். மச்சான் ஸ்பானரைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். வைத்தார்கள். ஐம்பத்தொன்று வந்தது.

எல்லாவற்றையும் மாட்டி, வால்வு இடைவெளியைச் சரிசெய்து, தண்ணீர் ஊற்றிக் கைப்பிடியைச் சுற்றியபோது மணி நாலரை. முதல் சுற்றுக்கு ஒன்றுமில்லை. இரண்டாவதுக்குத் தும்மியது. மூன்றாவதுக்குப் பிடித்துக்கொண்டது! பின்னாலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. சந்துபொந்தில் ஒட்டிக்கொண்டிருந்த மாவும் நல்லெண்ணெயும் உள்ளே வெந்திருக்க வேண்டும், சைலன்சர் வழியாக சிலிபின் தெரு முழுதும் முறுக்கு வாசனை. எதிர்வீட்டம்மா வெளியே வந்து யார் வீட்டில் என்று பார்த்தாள். நானும் என் வீட்டுக்காரரும் நடு ரோட்டில் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றினோம். பட்டப்பகலில், அவ்வளவு பேர் பார்க்க. வெட்கமே இல்லை.

பாரிட், போத்தா, ஆயர் தாவார் என்று ஓர் ஊர் தாண்டும்போதெல்லாம் நான் ஒரு முறுக்கு கொடுத்தேன், அவர் ஓட்டிக்கொண்டே தின்றார். நல்ல எண்ணெயில் சுட்டதுதான், நாத்தனார் தனியாகக் கட்டிக் கொடுத்திருந்தாள். எஞ்சின் சத்தம் கொஞ்சம் மாறினாலும் இருவரும் மெல்லுவதை நிறுத்திவிட்டுக் கேட்போம். சித்தியவான் நெருங்க நெருங்க என் பேச்சு குறைந்தது. காடியைப் பற்றிய பயம் போய்விட்டிருந்தது, அப்பாவைப் பற்றிய பயம் அதன் இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டு முன்னால் நிறுத்தினோம். அம்மா ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள். அவளுக்குப் பின்னால் அப்பா வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை. நேராகக் காடிக்கு முன்னால் போய் நின்றார்.

"அமத்த வேணாம். பானெட்டத் தொறங்க" என்றார்.

என் வீட்டுக்காரர் திறந்துவிட்டார். அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டார். ரொம்ப நேரம் கேட்டார். அம்மா தட்டில் கற்பூரத்தை ஏற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றாள்.

"ஹெட்ட சீவியிருக்கீங்க."

"ஆமா மாமா."

"பிஸ்டனு இதோடது இல்ல."

"இல்ல மாமா. கொஞ்சம் ஒசரம்."

"எவ்வளவு எடம் இருக்கு மேல?"

என் வீட்டுக்காரருக்கு அந்த எண் நன்றாகத் தெரியும். வழியெல்லாம் அதைத்தான் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தோம். மாமனார் முன்னால் தன்னை நிரூபிக்க ஒன்பது மாதத்தில் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அது. அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார்.

"அளந்தது அவதான் மாமா. அவளத்தான் கேக்கணும்."

அப்பாவின் முதுகு அசையவில்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் அவர் எஞ்சினைப் பார்த்தபடியே கேட்டார்.

"எவ்வளவு?"

"அம்பத்தொண்ணு தௌ, ப்பா."

"எதுல பாத்த? ஈயத்துலயா?"

"முறுக்கு மாவுல."

அவர் திரும்பினார். ஒன்பது மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்தார். அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்தது, சிரிக்கக் கூடாது என்று பிடித்துக்கொண்டிருந்தார்.

"நாலுலயும் பாத்தியா?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அளவில் பொய் வராது. "ரெண்டு கேஸ்கெட் போட்ட பெறகு ஒண்ணுல மட்டுந்தாம்ப்பா. நேரமில்ல."

"மத்த மூணு?"

"பாக்கல."

"அதெப்படி பாக்காம வருவ நீ?" அப்பா கத்தினார். "வழியில எதாவது ஆயிருந்தா? காலையில குளிச்சிட்டு ஹெட்டக் கழட்டுறோம். ஈயம் ஐஸ் பாக்டரில இருக்கு, நான் எடுத்தாரேன். நீதான் அளக்கணும், எனக்கு இப்ப கண்ணு சரியாத் தெரியல."

தீபாவளி அன்றைக்கா என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். என் வீட்டுக்காரர் நாலாவது தடவையாக ஹெட்டைக் கழற்றப்போகும் துக்கத்தில் காடி மேலேயே சாய்ந்துவிட்டார். நான் மட்டும் அப்பா திட்டுவதை நிறுத்திவிடக் கூடாதே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் நிறுத்தவில்லை. கற்பூரம் ஏற்றி, ஆரத்தி சுற்றி, உள்ளே போய்ச் சாப்பிட உட்கார்ந்து, எனக்கு இரண்டாம் முறை சோறு போடச் சொன்ன பிறகும் திட்டிக்கொண்டேதான் இருந்தார்.